ஆமென் சொல்ல ஓர் ஆள்

மகனே,

ஸ்தோத்திரம் சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்குவது நம் வீட்டு வழக்கம். இந்த முறை அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். முதலில் உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது. திட்டி முடித்து மனம் இளகினால் ஸ்தோத்திரம் தானாக வரும். இன்லண்டில் அடங்காது என்று தெரிந்துதான் முழுத்தாளாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கே சாரல் பிடித்துவிட்டது. மேல்காற்று நாள் முழுக்க வீசுகிறது. வாசல் கதவு ஈரத்தில் ஊதிப்போய், இடித்துத் தள்ளினால்தான் சாத்த முடிகிறது. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோளில் துண்டும் தலையில் எண்ணெயுமாகத் தென்காசித் தெருவில் போகிற கூட்டமே சொல்லிவிடுகிறது. இப்படி ஊரே சந்தோஷமாக இருக்கிற வாரத்தில்தான் உன் கடிதம் வந்தது.

கடிதம் என்றா சொன்னேன்? தந்தி என்று சொல்ல வேண்டும். சுகிர்தா செங்கோட்டைக்குப் போய்விட்டாள், சொல்லாமல் போனவள் தானாக வரட்டும், நான் போய் அழைக்க மாட்டேன், நீங்கள் இதில் தலையிட வேண்டாம். இவ்வளவுதான் நீ எழுதியது. காரணம் ஒரு சின்ன விஷயம் என்று ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். அவளுடைய தங்கைக்கு நிச்சயம். நீங்கள் இருவரும் சேர்ந்து போவதாகப் பேச்சு. நீ ஆபீஸிலிருந்து நேரே வந்துவிடுவதாகச் சொன்னாய். அவள் பெட்டியோடு மதுரை பஸ் ஸ்டாண்டில் நின்றாள். நீ வரவில்லை, வேலை இருக்கிறது என்று பியூனிடம் சொல்லி அனுப்பினாய். அவள் தனியாகப் பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போனாள், இன்னும் திரும்பவில்லை. இதில் எது சின்ன விஷயம் என்று நானும் தேடிப் பார்த்தேன். நீ ஆபீஸில் பார்த்த வேலைதான் சின்னதாகத் தெரிகிறது.

புருஷன் பெண்டாட்டி நடுவில் புகுந்து புத்தி சொல்ல உங்களுக்கு என்ன தகுதி என்று நீ கேட்க மாட்டாய், ஆனால் நினைப்பாய். எனக்குத் தகுதி இருக்கிறது. பாதி சீசன் பூராவும் உன் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள் நான். உனக்கு இது தெரியாது. நீ அப்போது பாளையங்கோட்டை போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தாய். காலாண்டு லீவுக்கு நீ வந்தபோது நாங்கள் ராசியாகி, பழையபடி உப்பு அதிகம், உறைப்பு கம்மி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது வெட்கப்படுவதற்கு அவர் இல்லை. வெட்கமும் போய்விட்டது.

உன் அப்பா தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் பஸ் ஓட்டிய நாட்கள் அவை. வழியில் குற்றாலம். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. எல்லைச் சாவடியில் வண்டியை நிறுத்தி மூட்டையெல்லாம் அவிழ்த்துப் பார்ப்பார்கள், அதனால் அவர் எந்த நேரத்துக்கு வீடு வருவார் என்று சொல்ல முடியாது. ஆனால் எப்போது வந்தாலும் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்தி, விளக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார். ஜெபம் பண்ணாமல் இந்த வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது. உபதேசியாராக இருந்த உன் தாத்தா போட்டுவைத்த சட்டம் அது. அந்தச் சட்டத்துக்கு இன்னொரு பிரிவும் உண்டு, நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு நாள் புருஷன் ஜெபிக்க வேண்டும், மறுநாள் பெண்டாட்டி. ஜெபிக்கிறவர் ஆமென் சொல்லி முடிக்கக் கூடாது, கேட்டுக்கொண்டிருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். ஒருவர் கேட்டது இன்னொருவருக்கும் சம்மதம் என்று ஆனால்தான் அது குடும்ப ஜெபம் என்பது உன் தாத்தாவின் கணக்கு. மற்ற வீடுகளில் இப்படி இல்லை. அவரவர் ஜெபத்தை அவரவரே முடித்துக்கொள்கிறார்கள், நிம்மதியாகவும் இருக்கிறார்கள்.

சண்டைக்கு வருகிறேன். கல்யாணமாகி வந்த வருஷம் உன் அப்பா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார், சீசனில் ஒரு நாள் உன்னை அருவிக்குக் கூட்டிப் போகிறேன் என்று. அந்த சீசனில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த சீசனில் நீ வயிற்றில் இருந்தாய். அதற்கடுத்து எது எதுவோ. ஊர் உலகத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய் அருவியில் இறக்கிவிட்டு வருகிற மனுஷர், வீட்டில் இருந்த ஒருத்தியை மட்டும் கூட்டிப் போகவில்லை. நான் குற்றாலமே பார்க்காதவள் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அது தலைகளை எண்ணிக்கொண்டு நிற்பதற்கு. டீச்சர் நனைந்தால் யார் எண்ணுவது? புருஷனோடு போய் நனைந்து, ஈரத்தலையோடு பழக்கடைப் பக்கம் நடந்து வருகிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மூன்று மைலில் இருக்கிற அருவிக்கு ஒருத்தி ஏங்குகிறாள் என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும்.

நான் சொல்கிற சீசனில் உன் அத்தை, அப்பாவின் தங்கை, குடும்பத்தோடு நாசரேத்திலிருந்து வந்து இறங்கினாள். அப்பாவுக்கு அன்று லீவு. எனக்குப் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன். காலையில் நான் கொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு கிளம்பும்போது, இவங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்திருதேன், நாம அடுத்த வாரம் போவோம் என்றார். சரி என்றுதான் சொன்னேன். சாயங்காலம் இன்ஸ்பெக்டரிடம் நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், நடுக்கூடத்தில் ஈரத்துணி குவிந்து கிடக்கிறது. உன் அத்தையின் சேலை, மாமாவின் வேட்டி, பிள்ளைகளின் பாவாடை, கால்சட்டை, துண்டுகள், எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. அவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்துத் தூங்குகிறார்கள். உன் அப்பா திண்டில் சாய்ந்தபடி, தண்ணி இன்னைக்கு அருமையா விழுந்துச்சு, நீயும் வந்திருக்கலாம் என்றார். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். துணிகளை அள்ளிக்கொண்டு போய், ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டு, அடித்துத் துவைத்து, பிழிந்து கொடியில் போட்டேன். அந்தத் துணிகளுக்கு வாய் இருந்தால் என் மேல் கேஸ் போட்டிருக்கும். அன்றைக்கு மூடிய வாயை அதற்குப் பிறகு அவரிடம் நான் திறக்கவில்லை.

முதலில் அவருக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் அவருக்கும் கோபம் வந்துவிட்டது, நான் என்ன கொலையா செய்துவிட்டேன் என்று. விருந்தாளிகள் ஊருக்குப் போனார்கள். நீ போர்டிங்கில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மாவிடம் சொல்லு, அப்பாவிடம் சொல்லு என்று தூது விடக்கூட ஆள் இல்லை. ஆனால் சாயங்காலம் பாய் விரிந்தாக வேண்டும், சோறு இறங்க வேண்டும் என்றால் எதிரெதிரே முட்டி போட்டாக வேண்டும். முதல் நாள் அவர் முறை. நாட்டுக்காக ஜெபித்தார், சபைக்காக ஜெபித்தார், பாளையங்கோட்டையில் இருக்கிற உனக்காக ஜெபித்தார். கடைசியில் கொஞ்சம் தயங்கி, "தேவரீர், அடுக்களையில் மண்ணெண்ணெய் இருக்கா தீர்ந்துபோச்சான்னு அடியேனுக்குத் தெரியலை, நாளைக்கு நான் பஜார் பக்கம் போறேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மறுநாள் என் முறை. "கர்த்தாவே, மண்ணெண்ணெய் அரை போத்தல் இருக்கிறது. பிறர் துணிகளை வெளுப்பதற்கென்றே இந்த வீட்டில் என்னை வைத்திருக்கிறீர், அதற்குச் சோப்புத்தான் தீர்ந்துபோயிற்று" என்றேன்.

இப்படித் தொடங்கியது. பிறகு நாங்கள் பேச வேண்டியதெல்லாம் பரலோகம் போய்த் திரும்பி வந்தது. உன் ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டிய விஷயம், அவருக்கு முதுகு பிடித்துக்கொண்ட விஷயம், பக்கத்து வீட்டு ஆடு நம் முருங்கையை மேய்ந்த விஷயம். உம்முடைய அடியான் ராத்திரி டூட்டிக்குப் போகிறான், கதவைத் தாழ்போட்டுக்கொள்ளும்படி இந்த வீட்டாருக்கு நினைவூட்டும் என்பார் அவர். இந்த வீட்டில் சிலர் குடையை மறந்துவிட்டுப் போகிறார்கள், அவர்களுக்கு ஞாபகசக்தியைக் கட்டளையிடும் என்பேன் நான். ஆனால் மகனே, இந்த விளையாட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டோம். அவர் ஜெபிக்கும்போது நான் ஆமென் சொல்லவில்லை. நான் ஜெபிக்கும்போது அவரும் சொல்லவில்லை. ஜெபம் முடிந்ததும் ஒரு நிமிஷம் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்போம். பிறகு யாராவது ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்திருப்போம். அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, நாள் முழுக்கப் பேசாமல் இருந்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது. நீ கேட்கிற எதிலும் எனக்குச் சம்மதம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி. நானும் அதைத்தான் அவருக்குச் செய்தேன்.

ஆடி பிறந்து, கூட்டம் கூடி, பஸ் படிக்கட்டிலும் ஏணியிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டு போன ஒரு வெள்ளிக்கிழமை. அவர் முறை. அன்றைக்கு நாட்டையும் சபையையும் விட்டுவிட்டார். தேவரீர், அடியேன் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் பேசுகிற மாதிரி மெல்லப் பேசினார். "ஆண்டவரே, நாளைக்கு எனக்குக் காலை டூட்டி. முதல் டிரிப்புல முன் சீட்டுல துண்டு போட்டு வைக்கச் சொல்லியிருக்கேன். மைதீன் பாத்துக்கிடுவான். இதுக்கு மேல எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியலை." அவ்வளவுதான். நான் ஆமென் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. அவர் கிளம்பிப் போன பிறகு, மாற்றுச் சேலையை ஒரு பையில் திணித்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கு மார்க்கெட்டுக்குப் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மைதீன் அப்போது உன் அப்பாவின் வண்டியில் கண்டக்டர். அப்பாவை அண்ணாச்சி என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுவார். அந்த முன் சீட்டில் உட்காரப் பார்த்த ஒரு பெரிய மீசைக்காரரிடம், அது ஆள் உள்ள சீட்டு என்று வாதாடிக்கொண்டிருந்தார். நான் ஏறியதும் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல டிக்கெட் கொடுத்தார். உன் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சின்னக் கண்ணாடியில் அவருடைய கண் மட்டும் எனக்குத் தெரிந்தது. வழக்கமாக ஒரு தடவை அடிக்கிற ஹாரனை அன்று வழி முழுக்க அடித்துக்கொண்டே போனார். குற்றாலத்தில் வண்டி நின்றது. அவர் செங்கோட்டைக்குப் போய்த் திரும்ப வேண்டும், இறங்க முடியாது. நான் மட்டும் இறங்கினேன். பையை எடுத்துக் கொடுக்கும்போது மைதீன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி குடும்பம் வந்த அன்னைக்கி நான் டிரிப்புல வந்தவன் பாத்தேன் மதினி. அவுகள்லாம் குளிக்காக. அண்ணாச்சி மட்டும் கரையில துணிமூட்டையப் பிடிச்சிக்கிட்டு நிக்காரு. நீங்களும் போயி நின்னுட்டு வாங்கன்னேன். அவ வராம நான் மட்டும் நனைஞ்சிட்டுப் போயி அவ முன்னால நிக்கவான்னுட்டாரு."

வண்டி போய்விட்டது. நான் பெண்கள் பக்கம் போய் அருவிக்குக் கீழே நின்றேன். தண்ணீர் தலையில் அடிக்கும்போது வேறு எதுவும் நினைக்க முடியாது என்பார்கள். எனக்கு அந்த ஈரத்துணிக் குவியல்தான் நினைவில் வந்தது. அத்தையின் சேலை, மாமாவின் வேட்டி, பிள்ளைகளின் பாவாடை, துண்டுகள். ஒவ்வொன்றாக என் கையால் துவைத்தேன். அதில் உன் அப்பாவின் வேட்டி இல்லை. அவர் அன்று காலையில் உடுத்திய அதே வேட்டியோடுதான் திண்டில் சாய்ந்திருந்தார், உலர்ந்த வேட்டி. அது என் கண் முன்னாலேயே இருந்தது. கண்டிருந்தால் பாதி சீசன் மிச்சமாகியிருக்கும். கோபத்தில் நான் குவியலில் இருந்ததை மட்டும் பார்த்தேன், இல்லாததைப் பார்க்கவில்லை. அருவிக்குள் நின்று அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி. அன்று அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

வண்டி திரும்பி வந்தபோது ஈரத்தலையோடு ஏறி உட்கார்ந்தேன். அந்த முன் சீட்டு செங்கோட்டைக்குக் காலியாகப் போய்க் காலியாகவே திரும்பியிருந்தது. உன் அப்பா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "தண்ணி நல்லா விழுதா?" என்றார். நான், "உங்க வேட்டி எங்க?" என்றேன். "வேட்டியா? டூட்டில காக்கில்லா போட்டிருக்கேன்" என்றார். "அன்னைக்குத் துவைச்சதுல உங்க வேட்டி இல்லை" என்றேன். அவர் கண்ணாடியைச் சரிபண்ணினார். பிறகு, "இப்பத்தான் கண்ணுல பட்டுச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அன்று சாயங்காலம் என் முறை. கர்த்தாவே, சீசன் முடியும் முன்னே ஒரு நாளாவது இந்த வீட்டுக் கொடியில் இரண்டு பேர் துணியும் ஈரமாகக் கிடக்கக் கிருபை செய்யும் என்று கேட்டேன். உன் அப்பா சொன்ன ஆமெனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி மறுநாள் வந்து, உங்க வீட்டுக்கு வெளியூர்ப் பிரசங்கியார் வந்திருக்காரா என்று கேட்டாள். அந்த சீசனிலேயே போனோம். அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம், நடுவில் ஊரே நின்றது. ஆனாலும் சேர்ந்துதான் போனோம்.

அப்போது நான், கடவுளை நாங்கள் தபால்காரர் ஆக்கிவிட்டோமே என்று பயந்தேன். அவருடைய நாமத்தை வீணில் வழங்கிய பாவம் நமக்கு வருமோ என்று உன் அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு அந்தக் கவலையே இல்லை. நாம பேசாம இருந்த வீட்டுல அவராவது பேச்சுக்கு இருந்தாரே என்றார். இப்போது யோசித்தால் அதைவிடப் பெரிய பராமரிப்பு எதுவும் எனக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. நாங்கள் சத்தியமாக ஆண்டவரிடம் பேசவில்லை, ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டோம். அவர் அதைத் தனக்குச் சொன்னதாகவே கேட்டுக்கொண்டார். எங்களை எழுந்து போக விடவில்லை. தினமும் எதிரெதிரே முட்டி போட வைத்தார். ஏதோ ஒரு பெரிய அற்புதம் நடந்து மனசு மாறும் என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. நம் வீட்டில் அவர் ஒரு துண்டையும் ஒரு கண்டக்டரையும் வைத்துத்தான் வேலையை முடித்தார்.

உன் அப்பா நோயில் படுத்து, உன் கல்யாணத்தைப் பார்க்காமலே போனபோது, சபையார் எல்லாரும் வந்து கர்த்தர் பராமரிப்பார் அம்மா என்றார்கள். எனக்குக் கோபமாக வந்தது. எதை வைத்துப் பராமரிப்பார்? கொஞ்ச நாள் பாய் விரிக்கவில்லை. விரிக்காமல் சாப்பிட்டுப் பார்த்தேன், சோறு இறங்கவில்லை. பழைய சட்டம் என்னை விடாது போலிருக்கிறது என்று மறுபடி உட்கார ஆரம்பித்தேன். இன்றைக்கும் முறை மாறாமல்தான் நடக்கிறது. அவருடைய முறை வருகிற நாளில் நான் எதுவும் கேட்பதில்லை. அவர் ஜெபிக்கிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு ஆமென் சொல்வேன். குருவானவருக்குத் தெரிந்தால் இதற்கு வேதத்தில் ஆதாரம் எங்கே என்பார். அவர் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். அந்த நாட்கள் எனக்குச் சுலபம். என் முறை வருகிற நாள்தான் கஷ்டம். ஜெபித்து முடித்துவிடுவேன், முடித்த பிறகு வீடு அப்படியே கிடக்கும். நானே ஆமென் சொல்லிக்கொள்ள எனக்கு மனசு வருவதில்லை. ஆமென் இல்லாமலே எழுந்து போய்ச் சாப்பிடுகிறேன். ஒரு காலத்தில் வீம்புக்காகப் பாதி சீசன் அவருக்கு நான் கொடுக்காமல் வைத்திருந்த அந்த ஒரு சொல்லுக்கு இப்போது நான் ஏங்குகிறேன், மகனே. அவர் ஒரே ஒரு தடவை எதிரே உட்கார்ந்து சொன்னால் போதும். குத்திக்காட்டிச் சொன்னாலும் சரி.

தலையிட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வந்த மறுநாளே செங்கோட்டைக்குப் போய்விட்டேன். சுகிர்தா மெலிந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, அவளுடைய அம்மாதான் சொன்னாள், அது தாய் பேசுகிற பேச்சு, அதை விடு. நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, "மாமி, அவுக நேரத்துக்குச் சாப்பிடுதாகளா?" என்று கேட்டாள். நான் அதற்குப் பதில் சொல்லாமல், நீ ஏன் அன்றைக்குச் சொல்லாமல் பஸ் ஏறினாய் என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பியூன் வந்து சொன்ன பிறகும் அவள் ஏறவில்லையாம். வேலை சீக்கிரம் முடிந்து நீ ஓடி வந்தாலும் வருவாய் என்று வந்த பஸ்ஸை விட்டாளாம், அடுத்ததையும் விட்டாளாம். உன்னைக் கேலி செய்ய ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டிருக்குமே என்று ஆபீஸுக்கும் வரவில்லையாம். தங்கையின் நிச்சயத்துக்குப் போய்ச் சேரக்கூடிய கடைசி பஸ் கிளம்பும்போதுதான் பெட்டியைத் தூக்கி ஏற்றினாளாம். இது உனக்குத் தெரியுமா? அவள் ஏறிய பஸ் மட்டும்தான் உனக்குத் தெரியும். அவள் ஏறாமல் விட்ட பஸ்களை நீ பார்க்கவில்லை. நான் அந்த உலர்ந்த வேட்டியைப் பார்க்காதது போலத்தான்.

ஆகையால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சனிக்கிழமை லீவு போடு. காரணம் கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பெண்டாட்டியைக் கூப்பிடப் போகிறேன் என்று உண்மையையே சொல். மதுரையிலிருந்து நேரே செங்கோட்டைக்குப் போ. அவளிடம் நீளமாக விளக்கம் சொல்ல வேண்டாம், உனக்கு அது வராது, உன் அப்பாவுக்கும் வரவில்லை. நீ எத்தனை பஸ்ஸை விட்டாய் என்று மட்டும் கேள். மைதீன் இன்னும் அதே தடத்தில்தான் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது, வாய் நரைக்கவில்லை. அவரிடம் சொல்லிவிட்டேன். மத்தியானம் செங்கோட்டையிலிருந்து கிளம்புகிற வண்டியில் முன் சீட்டில் துண்டு கிடக்கும். குற்றாலத்தில் இறங்கி இரண்டு பேரும் நனைந்து, அடுத்த வண்டியில் வீட்டுக்கு வாருங்கள். ஈரத்துணியைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் போடுங்கள், இந்த முறை நான் மனசார வெளுத்துத் தருகிறேன். வழியில் பேச்சு வராவிட்டாலும் பாதகமில்லை. சாயங்காலம் பாய் விரித்திருக்கும். அங்கே வைத்து ஆண்டவரிடம் என்னென்ன குறை சொல்ல வேண்டுமோ அதையெல்லாம் இரண்டு பேரும் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம், நான் காதில் வாங்காதது போல இருந்துகொள்வேன்.

திட்டி முடித்துவிட்டேன், மனமும் இளகிவிட்டது. உனக்கும் சுகிர்தாவுக்கும் என் ஸ்தோத்திரம்.

இந்தச் சனிக்கிழமை என் முறை வருகிறது. உங்கள் இரண்டு பேருக்காகவும்தான் ஜெபிக்கப் போகிறேன். முடித்ததும் கண்ணைத் திறக்க மாட்டேன். எதிரே இருந்து ஆமென் வரும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா